பொட்டு வைத்த கீ

போன சித்திரையில், போடிமெட்டைத் தாண்டி மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்து சூப்பர்வைசர் ஒருவர் வீட்டுச் சடங்குக்குப் பாட்டுப் போடப் போயிருந்தோம். போகும்போது என் வயிறு எரிந்துகொண்டிருந்தது. மலைக்காற்று கூட அதை அணைக்கவில்லை.

எரிந்த கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். போடியில் எங்களுக்குச் சவுண்ட் சர்வீஸ். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். பாக்ஸ் ஏற்றுவது, வயர் இழுப்பது, ஜெனரேட்டர் பார்ப்பது எல்லாம் அவர்கள் சோலி. பாட்டுப் போடுவது என் சோலி. தொடுதிரை லேப்டாப்பும் டிஜே சாஃப்ட்வேரும் புதிதாக வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று ஒதுங்கிக்கொண்டார். நான்தான் துணிந்து உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை இழுத்து வந்து கோத்துவிடுவது எப்படி, அழுகிற கூட்டத்துக்கு எது, ஆடுகிற கூட்டத்துக்கு எது என்று தட்டுத்தடுமாறி நானாகவே கற்றுக்கொண்டேன். அதன் பிறகு எனக்குப் பெயரே மாறிவிட்டது. கடைத்தெருவுக்குப் போனால் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்கள் கூப்பிடுவார்கள். "டிஜேக்கா, எங்க வீட்டுக் காதுகுத்துக்கு நீங்கதேன் வரணும்" என்பார்கள். அப்படிக் கூப்பிடுவதைக் கேட்கவே நான் தேவையில்லாமல் அந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போவேன்.

அந்த நேரத்தில்தான் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் கம்ப்யூட்டர் படித்தவள், கண்ணாடி போட்டவள். அந்தக் கண்ணாடி அவள் முகத்துக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும். எனக்கு முதல் பொறாமை அந்தக் கண்ணாடியின் மேல்தான் வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டிருந்தது. எட்ட இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். கிட்டத்தில் இருக்கிற சின்ன எழுத்துதான் குழம்பும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் போட்டால் படித்த பெண், நான் போட்டால் வயதாகிவிட்டது என்பார்கள். பிறகு என்ன, இனி சின்னவளே லேப்டாப்பைப் பார்க்கட்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எழுத்துத் தெரியாமல் பாட்டுப் போட்டது எப்படி என்று கேட்பீர்கள். இடத்தை வைத்துத்தான் போட்டேன். எங்கள் லேப்டாப்பில் பாட்டெல்லாம் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக ஒரே வரிசையில் நீண்டு கிடக்கும். மேலே சாமிப் பாட்டு. அதற்குக் கீழே கல்யாணம். அதையடுத்து தாய்மாமன் சீர். பிறகு பிள்ளைகள் ஆடுகிற பாட்டு. அடியோடு அடியில் இழவு வீட்டுப் பாட்டு. எங்களை நல்லதுக்கும் கூப்பிடுவார்கள், கெட்டதுக்கும் கூப்பிடுவார்கள். ஒரே லேப்டாப்தான் இரண்டுக்கும் போகும். நல்ல வீட்டில் தப்பித்தவறி அடியில் இருக்கிறது பாடிவிட்டால் அதன் பிறகு எங்களை அந்த ஊர்ப்பக்கமே யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் என் விரலுக்கு எல்லா இடமும் தெரியும். அடுக்களையில் கண்ணை மூடிக்கொண்டு மிளகாய்த்தூள் டப்பாவை எடுப்பதில்லையா, அப்படித்தான்.

புதிதாக வந்தவள் ஒருநாள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "அத்தான், இத ஒழுங்கு பண்ணிறட்டுமா?" என்று எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். அவர், "பண்ணு தாயி, நல்லாப் பண்ணு" என்று உடனே தலையாட்டிவிட்டார். நான் பல வருடமாகப் பழக்கி வைத்த வரிசை அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் இவருக்கு வாய் வலித்துவிடுமா?

அன்றிலிருந்து மத்தியானமானால் அவள் என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். பழைய சேலையில் நானே தைத்துப் போட்ட மெத்தை வைத்த நாற்காலி அது. ஒரே பாட்டு நாலைந்து இடத்தில் கிடந்ததையெல்லாம் அழித்தாள். பாட்டுக்கெல்லாம் ஒழுங்கான பெயர் வைத்தாள். தனித்தனி பெட்டியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் கொடுத்தாள். ஸ்க்ரீனையே மாற்றிவிட்டாள். முன்பு வெளிறிப்போய்க் கிடந்தது கறுப்பாகிவிட்டது. நீலமும் பச்சையுமாகப் பாட்டின் அலை ஓடியது. பெரிய ஊர் டிஜேக்கள் வைத்திருக்கிற மாதிரி இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். அண்ணனும் தம்பியும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, "அட, இது எப்பிடி? அது எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் காப்பி கொண்டு வந்து வைப்பேன். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காப்பி ஆறிவிட்டது என்று பிறகு என்னிடமே குறை சொல்வார்கள்.

அவள் என்னைக் கூப்பிடாமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "அக்கா, ஒரு எட்டு வந்து பாருங்க. ஒங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்" என்று பலமுறை கூப்பிட்டாள். நான் போகவில்லை. "அடுப்புல பால் இருக்கு" என்பேன். அடுப்பே எரிந்துகொண்டிருக்காது. போய் உட்கார்ந்தால் அந்தக் கறுப்பு ஸ்க்ரீனில் எழுத்துத் தெரியாமல் நான் முழிப்பதை அவள் பார்த்துவிடுவாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனதில்லை.

ஒருநாள் லேப்டாப்பைத் துடைக்கும்போது பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு கீயின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அவள் நெற்றியில் வைக்கிற அதே பொட்டு. பார்த்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன் பொட்டை ஒட்டி லேப்டாப்பையே தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன். பிய்த்துப் போடலாம் என்று நகத்தைக் கூட வைத்தேன். கேட்டால் சிறுமை நமக்குத்தானே என்று விட்டுவிட்டேன். அன்று விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகுதான் தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தோட்டத்து சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். போடிக்காரர்தான். எல்லைக்கு அந்தப் பக்கமே இருந்து இருந்து பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். "அண்ணே, மகளுக்குச் சடங்கு வச்சிருக்கேன். போன மாசம் ஒரு கல்யாணத்துல சின்னவங்க போட்டாங்கல்ல, அந்த மாதிரி வேணும், கேட்டோ" என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் செம்போடு அங்கேயேதான் நிற்கிறேன். பிறகு அவர் குரல் இறங்கியது. "எம் மச்சான் என் வீட்டு வாசல மிதிச்சு எத்தனையோ வருசமாச்சுண்ணே. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல. இப்பத்தேன் மனசு எறங்கி, மருமவளுக்குச் சீர் கொண்டாறேன்னு சொல்லியிருக்காரு. அவரு உள்ள நொழையயில பாட்டுல ஒரு பிசகும் வந்துறப்படாது. வந்துச்சுன்னா அப்பிடியே திரும்பிப் போயிருவாரு. அவரு கோவம் அப்பிடி."

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் சும்மா இல்லை. தட்டுகளெல்லாம் முன்னால் வரிசையாக உள்ளே போகும். மாமன் மட்டும் வாசல் வளைவில் நிற்பார். மேளம் அடங்கும். அவருக்கான பாட்டு எழும்பினால்தான் காலை எடுத்து உள்ளே வைப்பார். அந்தப் பாட்டு அவருக்குக் கொடுக்கிற மரியாதை. அந்தச் சோலியைத்தான் இத்தனை வருடம் நான் செய்துவந்தேன். இப்போது சின்னவள் செய்யட்டும் என்று முடிவானது. எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது இதுதான்: "நீயும் வா. அவளுக்குத் தொணைக்கு ஒரு பொம்பளயாளு வேணும்ல." நான் துணைக்குப் போகிற ஆளாகிவிட்டேன்.

தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் பெரிய களம். அதில்தான் விசேஷம். பந்தலுக்கு அடியில் ஆட்களுக்கே இடம் பத்தவில்லை. எங்கள் மேசையைக் களத்தின் இந்த ஓரத்தில், வெயிலில் போட்டிருந்தார்கள். மலையில் குளிரும் என்பார்கள், அன்றைக்கு வெயில் கண்ணைப் பறித்தது. அவள் பாட்டைத் தட்டிவிட, தோட்டத்துப் பிள்ளைகள் ஆட்டமான ஆட்டம் ஆடின. வந்தவர்களெல்லாம் மேசைக்கே வந்து, "யாரு இந்தப் பொண்ணு, ஜோராப் போடுது" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்தில் காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும், "நீங்க இந்தப் பொண்ணுக்கு அம்மாவா?" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. இவள் ஒரு தடவையாவது தடுமாறினால் என்ன என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து களத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் வாசலில் இருந்த பாக்ஸ் ஊமையாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் கீழே ஜெனரேட்டரில் இருந்தார்கள். "அக்கா, வயர் கழண்டிருக்கும்போல. நான் வெரசாப் போய்ட்டு வந்துர்றேன். செத்த பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். மாமன் வீட்டார் வர இன்னும் நேரமிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாளோ இல்லையோ, கீழே ரோட்டுத் திருப்பத்தில் மேளச் சத்தம் கேட்டது. தேவாரம் ஊரிலிருந்து கிளம்பிய மாமனின் ஜீப்புகள் வந்துவிட்டன.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீர்த்தட்டு வரிசை உள்ளே வந்துவிட்டது. பழம், பலகாரம், பட்டு, பூ என்று பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராகக் களத்தின் நடுவே நீளமாக நின்றுவிட்டார்கள். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சீர் வரிசைக்குக் குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. அறுத்துக்கொண்டு போனாள் என்று பேச்சாகிவிடும், அதுவும் இந்த மாமன் வரும்போது. அவளுக்கும் அது தெரியும். காலை எடுத்து வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேளம் அடங்கியது. ஓடிக்கொண்டிருந்த பாட்டும் முடிந்துபோயிருந்தது. மாமன் வளைவுக்கு அடியில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மருமகளுக்கு மாலை. களம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

நான் லேப்டாப்புக்குள் குனிந்தேன். கறுப்பு ஸ்க்ரீன். மேலே வெயில். அதில் என் முகம்தான் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கையால் மறைத்துப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. என் பழைய இடமெல்லாம் கலைந்துவிட்டதே, எதை என்று தொடுவது? முந்தின நாள்தான் இதே லேப்டாப் பொட்டிபுரத்தில் ஓர் இழவு வீட்டுக்குப் போய் வந்திருந்தது. அந்தப் பாட்டெல்லாம் இதில் எந்த மூலையில் இருக்கிறது? விரல் ஓர் இம்மி தவறினால், வருடக்கணக்குக்குப் பிறகு வாசலுக்கு வந்திருக்கிற மனிதர் முகத்தில் ஒப்பாரி போய் விழும்.

நிமிர்ந்து பார்த்தேன். எட்ட இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? மாமன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் குறைவது தெரிந்தது. சூப்பர்வைசர் கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் என்னையே பார்ப்பது தெரிந்தது. அவருக்குப் பின்னால், சீர் வரிசைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பதும் தெரிந்தது. அவள் கத்தவில்லை. கையையும் ஆட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரு விரலால் தன் நெற்றிப் பொட்டைத் தொட்டாள். மறுபடியும் தொட்டாள்.

என் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். பொட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. இந்த நேரத்தில் இவளுக்கு என்ன பொட்டுக் கவலை என்று நினைத்துக்கொண்டே குனிந்தபோது, கீயில் ஒட்டியிருந்த சிவப்பு கண்ணில் பட்டது. அமுக்கினேன்.

ஸ்க்ரீன் பளீரென்று வெள்ளையாகிவிட்டது. அத்தனை வெயிலிலும் கண்ணுக்கு இதமாக, கடைப் பலகையில் எழுதின மாதிரி தமிழில் கொட்டை எழுத்து. சாமி. கல்யாணம். மாமன் சீர். பிள்ளைகள் ஆட்டம். என் வரிசை அது. மேலிருந்து கீழாக, நான் வைத்திருந்த அதே இடத்தில் அதே வரிசை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலர். அடியில் இருக்க வேண்டிய இழவுப் பாட்டு மட்டும் அந்தப் பக்கத்திலேயே இல்லை. என் விரல் தானாகப் பழைய இடத்துக்குப் போய் நின்றது. மாமன் சீரைத் தொட்டேன். பாட்டு மலை எதிரொலிக்க எழும்பியது.

மாமன் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். சூப்பர்வைசர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். ஊமையாக இருந்த அந்தப் பக்கத்துப் பாக்ஸும் சேர்ந்து பாட ஆரம்பித்திருந்தது. எல்லோரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. என் கண் விஷயம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கீழே இறங்கும்போது போடிமெட்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். ஆண்கள் கடைக்குப் போனதும், "எப்பத் தெரியும் ஒனக்கு?" என்று கேட்டேன்.

"வந்த புதுசுலயே தெரியும்க்கா. போனை அம்புட்டுத் தூரம் கைய நீட்டிப் பாப்பீங்க. ஊசில நூலு கோக்க என்கிட்டக் குடுத்தீங்க, கை ஈரம்னு. கை காஞ்சுதேன் இருந்துச்சு."

"அவுக கிட்டச் சொன்னியா?"

"நீங்களே சொல்லாதத நான் எப்பிடிக்கா சொல்லுவேன்? பொட்டு எதுக்குன்னு அத்தான் கேட்டாரு. சும்மா அழகுக்குன்னு சொல்லிட்டேன்." பிறகு டீயை ஊதிக்கொண்டே, "அந்த வரிசை ஒங்களோடதுதேன்க்கா. நீங்க பாட்டுப் போடயில வெரலு எங்கெங்க போகுதுன்னு பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அத வந்து பாருங்கன்னுதேன் அத்தன தடவ கூப்பிட்டேன், நீங்க பாலு பாலுன்னுட்டீங்க" என்றாள்.

நான் அவள் தடுமாற வேண்டும் என்று உட்கார்ந்திருந்த பெட்டிக்குப் பக்கத்திலேயே, நான் தடுமாறக் கூடாது என்று அவள் ஒரு கீயை வைத்திருந்தாள். அதை நினைக்க நினைக்க என் பொறாமை குறையவில்லை, ஏறத்தான் செய்தது. கைவேகத்தில் என்னை மிஞ்சுகிறாள் என்று அதுவரை வயிறெரிந்தேன். இப்போது குணத்திலும் மிஞ்சிவிட்டாளே என்று சேர்த்து எரிந்தது. அவளை மாதிரி என்னால் இருந்திருக்க முடியுமா என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன். முடியாது என்றுதான் பதில் வந்தது.

மறுவாரம் நானாகவே போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றப் போய்விட்டார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது சீர் வீடு என்றால் நானும், ஆட்டம் பாட்டம் என்றால் அவளுமாகப் போகிறோம். கறுப்பு ஸ்க்ரீனும் எனக்குப் பழகிவிட்டது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் அந்தக் கீயைத்தான் அமுக்குகிறேன்.

அவள் மேல் எனக்கிருக்கும் பொறாமை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அந்தக் கீயின் பொட்டு பசை விட்டு உதிரும்போதெல்லாம், என் நெற்றியில் இருப்பதை எடுத்துத்தான் அங்கே ஒட்டுகிறேன்.